கப்பலேறி வந்த மீனும் கரையில் கிடந்த பரிசலும்

தேவகோட்டைக்காரர்களுக்கு ஆறு என்றால் மணல். விருசுழியாறு, மணிமுத்தாறு, சருகணியாறு என்று நம் வட்டாரத்து வரைபடத்தில் நீலக்கோடுகள் பல உண்டு. நேரில் சென்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதியும் அவை வெண்மணற் பாதைகளே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாட்கள் செம்மண் நிறத்தில் ஓடிவிட்டு மறுபடியும் மணலாகிவிடும். நீர் என்று நாம் சொல்வதெல்லாம் கண்மாயும் ஊரணியும்தான். பெரிய வீடுகளின் முற்றத்தில் விழும் மழையையும் வீணாக்காமல் ஊரணிக்கு வழிநடத்திய ஊர்கள் இவை. ஓடும் நீரை நம்பாமல், நிற்கும் நீரை நம்பி வளர்ந்த நாகரிகம் என்று இதைச் சொல்லலாம்.

மீனும் அப்படியே. வயலுக்குப் பாய்ந்தது போகக் கண்மாயில் நீர் வற்றும் கோடைநாட்களில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்தும். ஊர்ப்பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்காகவே காத்திருந்த கூட்டம் ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாக ஒரே பாய்ச்சலில் இறங்கும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் அகப்பட்டவருக்கு அகப்பட்டபடி. அன்று பிடித்ததை விற்கலாகாது, வீட்டில் குழம்பு வைத்து உண்ண வேண்டும் என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டும் மழை பெய்யும் என்று நம்பிக்கை. இங்கே மீன் யாருடையது என்ற கேள்விக்கு ஊரே விடை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து மலையாற்று மீன்பிடியைப் பற்றி எழுத வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம்மை இந்தப் பக்கம் இழுத்தது ஒரு புத்தகத்தின் தலைப்பு. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி, 1887-இல் இந்தியக் குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டிலிடுவது எப்படி என்று தனியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். கண்மாய் நீரில் ஒரு நூலளவு விஷயம் இருப்பதாக நினைத்த வெள்ளைக்கார அதிகாரிகள் அதிகமில்லை. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1873-இல், 'இந்தியாவில் தூண்டில்' என்று பொருள்படும் பெருநூலை அவர் எழுதியிருந்தார். இந்நாட்டு ஆறுகளில் வாழும் மகசீர் என்ற பெருங்கெண்டை, அதே எடையுள்ள சால்மன் மீனைவிட மூர்க்கமாகப் போராடும் என்று தம் நாட்டவருக்கு அவர் எடுத்துச் சொன்னார். உள்ளூர் மீனை இவ்வளவு மதித்த ஒருவர் இருந்த அதே மாகாணத்தில், அதே பத்தாண்டுகளில், வேறொரு மீனுக்காகச் சட்டமே இயற்றப்பட்டது. அந்த மீன் அப்போது மலையில் நிலைபெற்றிருக்கவும் இல்லை. அதுதான் ட்ரௌட்.

கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறியதும், பின் 1820களில் உதகையில் ஏரி வெட்டியதும் நன்கு அறியப்பட்ட செய்திகள். வெயிலில் வெந்துபோன ஆங்கிலேயர்களுக்கு நீலகிரி ஒரு சிறிய இங்கிலாந்தாயிற்று. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ரோஜாவும் வந்தன. நரி வேட்டைக்கு ஈடாகக் குள்ளநரி வேட்டை வந்தது. சோலைகளுக்கு இடையே பனிபடர்ந்த புல்வெளிகளில் தெளிந்த ஓடைகள் ஓடின. குனிந்து பார்த்தவர்களுக்கு அந்த ஓடைகளில் ஒரு குறை தென்பட்டது: தூண்டிலிடத் தக்க மீன் இல்லை.

இந்தக் கவனிப்பில் உண்மையும் இருந்தது. நீலகிரி மேட்டுநிலம் செங்குத்தாக எழுந்து நிற்பது. அதிலிருந்து இறங்கும் ஆறுகள் யாவும் அருவிகளாக விழுந்துதான் சமவெளியை அடைகின்றன. அருவிகளைத் தாண்டி மேலேறப் பெரிய மீன்களால் முடிவதில்லை. ஆகவே மேலே சிறுமீன்களே மிகுதி. மீனியலில் பெரும்பெயர் பெற்ற சென்னைப் படை மருத்துவர் பிரான்சிஸ் டே, 1867-இல் நீலகிரி மீன்களையும் மலையடிவார ஆற்று மீன்களையும் பற்றி இலண்டன் விலங்கியல் கழகத்தின் இதழில் எழுதினார். ஆனால் 'பெரிய மீன் இல்லை' என்பது வேறு, 'ஆறு காலியாக இருக்கிறது' என்பது வேறு. முதலாவது அறிவியல் குறிப்பு. இரண்டாவது குடியேற்றக்காரரின் பார்வை. காலியான நிலம், காலியான காடு, காலியான ஆறு என்ற இந்த ஒரே சொல்லைக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் எத்தனை காரியங்கள் நடந்தன என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டேயே 1860களில் ட்ரௌட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். முடியவில்லை. இதன் சிரமத்தைச் சற்று விளக்கியாக வேண்டும். ட்ரௌட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கிவிடும். உயிருள்ள மீனை வெப்பமண்டலக் கடல்வழியே கொண்டுவருவது அரிது. முட்டையைக் கொண்டுவரலாம், ஆனால் முட்டைக்கும் ஒரு கணக்கு உண்டு. நீர் 10 பாகையில் இருந்தால் பழுப்பு ட்ரௌட்டின் முட்டை ஏறக்குறைய நாற்பது நாட்களில் பொரிந்துவிடும். பனிக்கட்டியின் அருகே வைத்தால் வளர்ச்சி மந்தமாகி நூறு நாட்களுக்கு மேலும் தாங்கும். அதாவது பனிக்கட்டி உருகாதவரை காலம் நின்றுவிடுகிறது. இந்தச் சூட்சுமத்தைக் கண்டுகொண்ட ஜேம்ஸ் யூல் என்பவர் 1864-இல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் டன் கணக்கில் பனிக்கட்டியை ஏற்றி, ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். பயணம் ஏறக்குறைய மூன்று மாதம். அவர் குறிவைத்தது சால்மனை. ஒரு லட்சம் சால்மன் முட்டைகளோடு மூவாயிரத்துக்கும் குறைவான ட்ரௌட் முட்டைகள் உடன்போயின. தாஸ்மானியாவில் சால்மன் நிலைக்கவில்லை; போனால் போகட்டும் என்று சேர்த்த ட்ரௌட் நிலைத்தது. அங்கிருந்து 1867-இல் நியூசிலாந்துக்குப் போயிற்று. பிற்பாடு நீலகிரிக்கு முட்டை வந்த இடங்களில் நியூசிலாந்தும் ஒன்று.

(பனிக்கட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், 1842-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைச் சேமிக்க ட்யூடர் குழுமம் கட்டியது. ஐஸ்ஹவுஸ் என்ற பெயர் அதனால் வந்தது. உலகின் மறுகோடியிலிருந்து குளிரையே மூட்டை கட்டிக் கொண்டுவர முடிந்த காலம் அது. மீனைக் கொண்டுவர நினைத்ததில் வியப்பில்லை.)

உதகை அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவரும் மீன்களைக் கொண்டுவருவதில் ஈடுபட்டார். 1874 வாக்கில் உதகை ஏரியில் டென்ச், குரூசியன் கெண்டை ஆகிய ஐரோப்பிய மீன்கள் விடப்பட்டன. ட்ரௌட் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஆனால் சட்டம் முந்திக்கொண்டது. 1877-இல் வேட்டையிலும் தூண்டிலிலும் நாட்டமுள்ள ஆங்கிலேயர்கள் நீலகிரியில் ஒரு சங்கம் அமைத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1879-இல், நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் நோக்கவுரையில் உள்ள ஒரு சொல்லை நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். அது காக்க முன்வந்தது நீலகிரியின் மீன்களையெல்லாம் அன்று, 'பழக்கப்படுத்தப்பட்ட' மீன்களை. அதாவது வெளியிலிருந்து வந்து இந்த நீருக்குப் பழகியவற்றை. வரப்போகும் ட்ரௌட்டுக்கு வேலிபோட்டு வைத்தார்கள். ஏற்கனவே நீந்திக்கொண்டிருந்த சிறுமீனுக்கு அந்தச் சட்டத்தில் பெயரில்லை.

பெயரில்லாமற் போனது மீனுக்கு மட்டுமில்லை. ட்ரௌட்டுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட நீர்களில் முதன்மையானவை இரண்டு. முக்கூர்த்திச் சிகரத்தருகே பிறக்கும் பைக்காரா ஒன்று. தெற்கே குந்தாவில் கலக்கும் அவலாஞ்சி ஆறு மற்றொன்று. 1901-02-இல் தோடர்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானுடவியலாளர் ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டையும் தனியே குறிப்பிடுகிறார். வேட்டைச்சங்கத்துக்கு மீனில்லாத ஓடைகளாகத் தெரிந்த இவை தோடர்களுக்குத் தெய்வங்கள். ஆற்றைக் கடக்கும்போது தோடர் தம் பூத்துக்குளிப் போர்வையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்துக்கொள்வார். அது அவர்களுடைய வணக்கமுறை. இன்ன நாளில் கடக்கலாம், இன்ன நாளில் கூடாது என்ற விதிகளும் இருந்தன. எருமைப் பாலையே வாழ்வின் மையமாகக் கொண்ட அந்த மக்களுக்கு மீன் உணவும் அன்று. இந்த ஆறுகளைத் 'தூண்டிலுக்கு ஏற்றது, ஏற்றதல்லாதது' என்று தரம்பிரித்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. மந்துக்களின் ஊடே நடந்துபோய்த்தான் அவர்கள் ஓடையை அடைந்தார்கள் என்பதும் உண்மை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரியம் கைகூடியது. சர் பிரடெரிக் நிக்கல்சன் 1905 முதல் சென்னை மாகாண மீன்வளத்தை ஆராயும் பணியில் இருந்தார். கடற்கரை மீனவரின் கடன், உப்பு, கருவாடு என்று அவர் அக்கறைகள் வேறு. அதே அமைப்பில் மீன் வளர்ப்பு வல்லுநராக வந்த எச். சி. வில்சன் மலைப்பக்கம் திரும்பினார். அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைந்தது. இலங்கையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் தருவிக்கப்பட்டன. பழுப்பு ட்ரௌட்டைவிடச் சற்று வெப்பம் தாங்கக்கூடிய வானவில் ட்ரௌட் நீலகிரிக்குப் பொருந்திற்று. இது ஐரோப்பிய மீனே அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைச் சேர்ந்தது. கலிபோர்னியாவிலிருந்து 1883-இல் நியூசிலாந்துக்குப் போனது. இங்கிலாந்தை நினைவூட்டுவதற்காகக் கொண்டுவந்த மீன் கடைசியில் அமெரிக்க மீனாகப் போயிற்று என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

பொரிப்பக வேலையின் நுட்பத்தைக் குறைத்து மதிப்பிட நாங்கள் விரும்பவில்லை. முட்டை முதிர்ந்த பெண்மீனைத் துணியால் பற்றி, வயிற்றை மெல்ல நீவி, உலர்ந்த பாத்திரத்தில் முட்டைகளை இறக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள மீன் 1,500 முதல் 2,000 முட்டைகள் வரை தரும். ஆண்மீனின் விந்தை அதோடு கலந்து, பிறகே நீர் சேர்க்க வேண்டும். ஓடைநீர் இடையறாது ஓடும் தட்டுகளில் முட்டைகளைப் பரப்பி, கெட்டதை அன்றாடம் பொறுக்கியெறிய வேண்டும்; ஒன்று அழுகினால் பூஞ்சை பக்கத்திலுள்ளவற்றையும் பற்றிவிடும். ஆரஞ்சு நிற மணிக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரியும் கட்டம் வந்த பிறகுதான் முட்டை ஆட்டம் தாங்கும். ஊர்விட்டு ஊர் அனுப்ப அதுவே தருணம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில், ட்ரௌட் தானாக இனம்பெருக்கும்படி ஒரு நீரை அமைத்துக் கொடுத்தது சாதாரணச் செயலன்று. அதை அன்றாடம் செய்த உள்ளூர்ப் பணியாளர்களின் பெயர்களும் வில்சன் பெயரோடு சேர்ந்து நிலைத்திருக்க வேண்டும்.

அதே கதை வேறு மலைகளிலும் நடந்தது. காசுமீரத்தில் 1899-இல் வந்த முட்டைகள் வழியில் அழிந்து, 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் ட்ரௌட் விடப்பட்டது. இலங்கை நம் பக்கத்தவருக்கு அன்னியமன்று. செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழிலுக்குக் கப்பலேறியவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் கடைவைத்திருந்த காலத்திலேயே, 1880களில், நுவரெலியாவின் ஓடைகளில் ட்ரௌட் இறக்கப்பட்டுவிட்டது. 1896-இல் அங்கே தூண்டிலாளர் சங்கமும் எழுந்தது. ஹோர்ட்டன் சமவெளியில் ட்ரௌட் தானாகப் பெருகியது. உலகில் அந்தச் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு நன்னீர் இறாலுக்கு இன்று அதுவே பகை. உலகின் மிகக் கேடான நூறு அயல் ஊடுருவி உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் பழுப்பு ட்ரௌட்டும் உண்டு, வானவில் ட்ரௌட்டும் உண்டு. நீலகிரியின் 'காலியான' ஓடைகளில் முன்பு இருந்த சிற்றுயிர்களை யாரும் நின்று எண்ணவில்லை. காலி என்று முடிவுகட்டிய இடத்தில் எண்ணுவானேன்?

தூண்டிலாளரின் உலகம் வெறும் ஆணவம் என்று ஒதுக்கிவிடவும் மனமில்லை. ட்ரௌட் பிடிப்பதில் புழுவைக் கோத்து வீசுவது தாழ்ந்த முறை. இறகையும் பட்டு நூலையும் முள்ளில் கட்டி, நீர்மேல் விழுந்த ஈயைப் போலவே அதை ஆடவிட்டு மீனை ஏய்ப்பதுதான் உயர்கலை. எந்த மாதத்தில் எந்தப் பூச்சி பறக்கும், நிழல் எந்தப் பக்கம் விழும், கல்லுக்குப் பின்னால் நீர் எங்கே சுழலும் என்று அறிந்திருக்க வேண்டும். ஐசக் வால்டன் 1653-இல் தூண்டிலிடுவதைப் பற்றி எழுதிய நூல் ஆங்கில உரைநடையின் செவ்வியல்களில் ஒன்றாகிவிட்டது. ஊத்தா போடுபவனுக்குச் சேற்றின் அசைவு தெரிவதுபோல் இவர்களுக்கு ஓட்டத்தின் அசைவு தெரிந்திருந்தது. நீலகிரிச் சங்கமும் பிற்காலத்தில் வேட்டையைவிட்டுக் காப்புப் பணிக்குத் திரும்பியது. அதைச் சேர்ந்த வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார் வரையாடுகளை மலைமலையாக நடந்து கணக்கெடுத்தார். இன்று வரையாடு எஞ்சியிருப்பதில் அந்தச் சங்கத்துக்கும் பங்குண்டு.

ட்ரௌட்டின் பொற்காலம் நீளவில்லை. 1932-இல் பைக்காரா மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. 1938-இல் முக்கூர்த்தி அணை. 1960களில் கனடா நாட்டு உதவியோடு குந்தாத் திட்டம் வந்து, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று ஓடைகள் ஏரிகளாயின. புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டசும் ஏறின. ஓடும் நீரின் மீன் நிற்கும் நீரில் அடைபட்டது. முக்கூர்த்தி 1982-இல் சரணாலயமாகி 1990-இல் தேசியப் பூங்காவானது. காப்பதற்கென்று எழுந்த வேலிக்குள் அயல்மீன் ஒன்று அகப்பட்டுக்கொண்டது விசித்திரம்தான். இன்னொரு செய்தி நம் ஊர்க்காரர்களை வாய்பிளக்க வைக்கும்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை பெய்தது. சிவகங்கை மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் சராசரியாகப் பெய்வதும் ஏறக்குறைய அவ்வளவே.

இனி ஆற்றோடு கீழே இறங்குவோம். பைக்காரா வடக்கே ஓடி, மேட்டுநிலத்தின் விளிம்பில் விழுந்து, கிழக்கே திரும்பியதும் மாயாறு என்று பெயர் பெறுகிறது. முதுமலைக் காட்டையும் ஆழ்ந்த பள்ளத்தாக்கையும் கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலக்கிறது. அவலாஞ்சி நீரும் குந்தா வழியாகப் பவானிக்குள் வந்து அங்கேயே சேர்கிறது. தோடர்களின் இரண்டு தெய்வ ஆறுகளும் 1955-இல் முடிந்த ஓர் அணைக்குப் பின்னால் சந்தித்துக்கொள்கின்றன.

இந்தக் கீழாற்றில்தான் தாமஸ் போற்றிய மகசீர் வாழ்ந்தது. பழைய மீன்நூல்கள் இதற்குப் பூமீன் கெண்டை என்ற தமிழ்ப்பெயரைத் தருகின்றன. காவிரிப் படுகையின் முதுகு உயர்ந்த மகசீர் ஆளுயரம் வளரக்கூடியது. மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. மேலே ஓடையில் ஒரு கிலோ ட்ரௌட்டுக்காகக் கப்பலும் பனிக்கட்டியும் சட்டமும் பொரிப்பகமும். கீழே அதே ஆற்றில் இப்படியொரு மீன்.

இதைப் பிடிக்கக் கரையில் நின்றால் போதாது. படகு வேண்டும். மேல்நாட்டில் மலையாற்றுக்குரிய படகு கனோ. கரீபியத் தீவுகளின் பழங்குடிச் சொல் அது; கொலம்பஸ் வழியே ஐரோப்பிய மொழிகளில் ஏறியது, நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ஏறியது போல. 1866-இல் ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் சிறுபடகில் ஐரோப்பிய ஆறுகளில் ஆயிரம் மைல் துடுப்புப் போட்ட கதையை எழுதியபின், கனோ ஓட்டுவது கனவான்களின் விளையாட்டாயிற்று. காவிரி, பவானி, மாயாற்றுக் கரைகளில் கனோ வேரூன்றவில்லை. வேரூன்றத் தேவையும் இருக்கவில்லை. பரிசல் இருந்தது.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் வளையம் கட்டி, வெளியே தோல் போர்த்தியது பழைய முறை. பிற்காலத்தில் தோலின் இடத்தைத் தார் பூசிய தாள்விரிப்பு பிடித்தது. அடி தட்டையாக இருப்பதால் ஒரு முழ நீரிலும் மிதக்கும்; பாறையில் முட்டினால் உடையாமல் சுழன்று விலகும். ஒற்றைத் துடுப்புக்காரர் முன்பக்கமாக நீரை இழுத்து இழுத்துச் செலுத்துவார். வேலை முடிந்ததும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். பாபிலோனியர் வட்டவடிவத் தோற்படகில் சரக்கேற்றி ஆற்றில் இறங்கியதை ஹெரோடோட்டஸ் வியந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லஸ்லி, 1803-ஆம் ஆண்டு தக்காணப் போரில் தம் படை ஆறு கடக்கக் கூடைப்படகுகளைச் செய்யச் சொன்னார். தேவையென்று வரும்போது ஏகாதிபத்தியம் நம் கூடையில் ஏறத் தயங்கவில்லை. மகசீர் பிடிக்க வந்த துரைமாரும் பரிசலில்தான் அமர்ந்தார்கள். சுழி எங்கே, மடு எங்கே, மீன் எந்நேரம் மேலே வரும் என்ற அறிவெல்லாம் துடுப்புப் பிடித்தவரிடம் இருந்தது. நிழற்படத்தில் மீனைத் தூக்கி நிற்பவர் வேறொருவர்.

1897-இல் வந்த இந்திய மீன்பிடிச் சட்டம், வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பதைத் தடுத்தது. வெடிக்குத் தடை மிக நியாயமானது. ஆனால் சாலைபோடவும் பாறை உடைக்கவும் வெடியைக் கொண்டுவந்தவர்கள் யார்? மருக்காரைக் காயை இடித்துக் கோடைக்குட்டையில் கலந்து சில மீன்களை மயக்கியெடுத்த காட்டுவாசியும், ஒரே வேட்டில் மடு முழுவதையும் சாகடித்தவனும் அச்சட்டத்தில் அடுத்தடுத்த பிரிவுகளில் நிறுத்தப்பட்டனர். நம் கண்மாயின் ஊத்தாவுக்கு அப்படி யாரும் குறுக்கே வராதது, அங்கே துரைமாரின் தூண்டிலுக்கு வேலையில்லாததால்தானோ என்று தோன்றுகிறது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். 1879-இலேயே சட்டப்பாதுகாப்புப் பெற்றுவிட்டது அயல்மீன். காவிரியின் முதுகுயர்ந்த மகசீருக்குச் சரியான அறிவியற்பெயர் பொருத்தப்பட்டது எப்போது தெரியுமா? 2018-இல். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 2007-இல், கேரளத்துப் பாம்பாற்றில் (நம் பக்கத்துப் பாம்பாறு அன்று, சின்னாறு வழியே அமராவதியில் கலப்பது) கிடைத்த சிறு மீன்களைக்கொண்டு 'டோர் ரமாதேவியை' என்ற இனம் விவரிக்கப்பட்டிருந்தது. மீனியல் ஆய்வாளர் ரமாதேவியின் பெயரைத் தாங்கியது அது. உலகப் புகழ்பெற்ற ராட்சத மகசீரும் அதே இனம் என்று 2018-இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டிலேயே மிகவும் அற்றுப்போகும் நிலையிலுள்ள உயிரினமாகப் பட்டியலிலும் ஏறியது. பெயர் சூட்டும் நாளே நோயாளி என்று அறிவிக்கும் நாளாகவும் அமைந்துவிட்டது.

அதன் நலிவுக்கு அணையும் மணற்கொள்ளையும் வெடியும் காரணங்கள். இன்னொன்றும் உண்டு. 1970களிலிருந்து மகாராட்டிரத்து லோனாவ்லாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீரைக் காவிரியில் நல்லெண்ணத்தோடு விட்டார்கள். தூண்டிலாளர் சங்கங்கள் அதை வரவேற்றன. 'மகசீர் குறைகிறது, மகசீரை விடுவோம்' என்ற கணக்கில் எந்த மகசீர் என்று கேட்கப்படவில்லை. வந்தது பெருகியது, இருந்தது ஒதுங்கியது. குறையென்று கண்டதும் பொரிப்பகத்தைத் தேடும் பழக்கம், ஆங்கிலேயர் கப்பலேறிப் போன பிறகும் நம்மிடம் தங்கிவிட்டது. ஒதுங்கிய அந்த மீனுக்கு எஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் மாயாறும் ஒன்று.

மாயாற்றின் கரையில் தெங்குமரகடா என்றொரு ஊர். 1948-இல் கூட்டுறவு வேளாண் சங்கமாகத் தொடங்கிய குடியிருப்பு அது. புலிகள் காப்பகத்திலிருந்து அதை இடம்பெயர்க்கும் பேச்சு உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பவானிசாகர்ப் பக்கமிருந்து காட்டுவழியே வரும் பேருந்து ஆற்றங்கரையில் நின்றுவிடும். அரிசி மூட்டையும் பள்ளிப் பையும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் அக்கரை சேர்வது பரிசலில். ஆற்றில் முதலையும் உண்டு. மேலே பைக்காராவில் மழை வலுத்து அணை திறந்தால் மாயாற்றில் வெள்ளம் ஏறும், பரிசல் கரையேற்றப்படும். அப்படிப்பட்ட நாட்களில் இரு கரையிலும் ஆட்கள் நீர் வடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.